வாயை மூடிய வகுப்பு

ஒரு வகுப்பு உருப்படியானதா இல்லையா என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவேன் என்று ரொம்ப காலம் பீற்றிக்கொண்டிருந்தேன். நான் படித்த திருச்சிப் பள்ளிக்கூடத்தில் அதற்கு ஒரே அளவுகோல்தான். தலைமை ஆசிரியை வராந்தாவில் நடந்து வருவார். எந்த வகுப்பிலிருந்து சத்தமே வரவில்லையோ அந்த டீச்சர் கெட்டிக்காரி. எந்த வகுப்பில் கசமுசாவென்று பேச்சுக் கேட்கிறதோ அந்த டீச்சருக்கு அன்றைக்கு அர்ச்சனை. ஊசி விழுந்தால் கேட்க வேண்டும் என்பார்கள். ஊசியை யார் வகுப்புக்குக் கொண்டுவருகிறார்கள், எதற்குக் கீழே போடுகிறார்கள் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. கேட்டால் அதுவும் சத்தம்தானே.

இந்த அளவுகோலைப் பத்திரமாகக் கொல்கத்தாவுக்குக் கொண்டுவந்தேன். வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் மாற்றல், கார்டன் ரீச்சில் குவார்ட்டர்ஸ். நான் சென்னையில் கம்ப்யூட்டர் நெட்வொர்க் வேலை பார்த்தவள். இங்கே வந்து சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், சால்ட் லேக் செக்டர் ஃபைவில் ஒரு தனியார் பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். நெட்வொர்க் சான்றிதழ்த் தேர்வுக்குக் காசு கட்டிப் படிக்க வருகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பாடம் எடுக்கிற வேலை. வருகிறவர்கள் எல்லாரும் ஏற்கெனவே எங்கோ உத்தியோகத்தில் இருப்பவர்கள், சிலர் என்னைவிட மூத்தவர்கள்.

முதல் வகுப்பில், ஒரே நெட்வொர்க்குக்குள் இருக்கிற இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ள ரவுட்டர் தேவையில்லை என்று ஆரம்பித்தேன். ரவுட்டர் என்பது வெளியே போகிற வாசல், அவ்வளவுதான். "எதிர்வீட்டுக்கு ஒரு கிண்ணம் மீன் குழம்பு கொடுக்கிறீர்கள். அதற்காகக் கீழே இறங்கி கேட்டில் நிற்கிற தர்வானிடமா போவீர்கள்? நேரே போய்க் கதவைத் தட்டுவீர்கள் இல்லையா" என்றேன். நான் மீனைத் தொடாதவள். ஊருக்காகக் குழம்பில் மீனைப் போட்டேன். உதாரணம் எனக்கே ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. திருப்தியோடு போர்டு பக்கம் திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"கேனோ?"

வங்காளத்தில் 'ஏன்' என்பதற்கு அந்தச் சொல். கேட்டவர் கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பெரிய உருவம். கப்பல் கட்டுகிற இடத்தில் மின்சாரப் பிரிவில் வேலை செய்கிறவர். மனதுக்குள் நான் அவரைக் கப்பல்காரர் என்றுதான் கூப்பிடுவேன். அங்கே எல்லாரும் பேசுவது வங்காளமும் ஹிந்தியும் இங்கிலீஷும் கலந்த ஒரு கூட்டு. அது என் காதில் தமிழாகவே விழுந்து பழகிவிட்டது, அப்படியே எழுதிவிடுகிறேன்.

"எதிர்வீட்ல புதுசா குடி வந்திருக்கான் தீதி. எந்தக் கதவு அவனோடதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். தீதி என்றால் அக்கா, என்னைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் டாலிகஞ்சிலிருந்து வருகிற பெண் சொல்லிவிட்டாள். அவள் ஒரு சினிமா ஸ்டுடியோவில் ஒலிப்பதிவுப் பிரிவில் உதவியாள். "மாடிப்படியில நின்னு கத்தணும். பன்னிரண்டாம் நம்பர் யாருன்னு. அவன் நான்தான்னு குரல் கொடுப்பான்."

"வேற எவனாவது நான்தான்னு சொல்லிட்டு மீனைத் தின்னுட்டா?"

அவ்வளவுதான், வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரனை நம்பலாம் என்று ஒரு கட்சி, நம்பக்கூடாது என்று ஒரு கட்சி. என்ன மீன் என்று தெரியாமல் இதை முடிவுசெய்ய முடியாது, சாதாரண ரூயி மீன் என்றால் நம்பலாம், உசத்தியான இலிஷ் மீன் என்றால் பெற்ற தகப்பனையும் நம்பக்கூடாது என்று மூன்றாவது கட்சி. வேடிக்கை என்னவென்றால், கம்ப்யூட்டர்களும் அப்படியேதான் கத்திக் கேட்கின்றன. பொய்யாக நான்தான் என்று சொல்லி அடுத்தவர் மீனைத் தின்கிற கம்ப்யூட்டர்களும் உண்டு. புத்தகத்தில் எத்தனையோ பக்கம் தள்ளி வரவேண்டிய பாடம் அது. அதற்குள் இவர்களே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

எனக்கோ கோபம் தலைக்கு ஏறியது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று வீட்டில் பெயர். கையிலிருந்த மார்க்கரைக் கப்பல்காரர் பக்கம் வீசி, "நான் பாடம் நடத்தணுமா வேண்டாமா" என்றேன். அவர் அதைக் கேட்ச் பிடித்து, மூடியைச் சரியாக மாட்டி, கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "நடத்துங்க தீதி. நாங்களும் நடத்திட்டுத்தானே இருக்கோம்" என்றார்.

இவர்களுக்கென்று ஓர் அளவுகோல் இருந்தது பிறகுதான் தெரிந்தது. எங்கள் கட்டடத்துக்குக் கீழே நடைபாதையில் ஒரு டீக்கடை. புதிதாகச் சேர நினைக்கிறவர்கள் மேலே அலுவலகத்துக்கு வந்து விசாரிப்பதே இல்லை. இடைவேளை நேரத்தில் அந்தக் கடையில் மண் குவளையோடு சும்மா நிற்பார்கள். வகுப்பிலிருந்து இறங்கி வருகிறவர்கள் பாடத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே வந்தால், மேலே ஏறிப் போய்க் காசு கட்டிவிடுவார்கள். போனைப் பார்த்துக்கொண்டு பேசாமல் வந்தால், டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். டாலிகஞ்ச் பெண்ணே அப்படிச் சேர்ந்தவள்தான். "பக்கத்து பில்டிங்ல ஏசி, நல்ல நாற்காலி, எல்லாம் இருக்கு தீதி. அங்கேருந்து வர்றவங்க எல்லாம் கிளாஸ் ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொன்னாங்க. அப்பவே தெரிஞ்சுபோச்சு, அங்க ஒண்ணும் நடக்கலைன்னு" என்றாள். இங்கே இரண்டு பேர் ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்கிற நிலைமையில் இருந்தார்களாம். உடனே சேர்ந்துவிட்டாள்.

மெல்ல மெல்ல எனக்கு அது பிடித்துப்போனது. பிடித்துப்போனது என்ன, அதுதான் எனக்கு உயிர் என்றே ஆகிவிட்டது. வாரம் முழுக்க குவார்ட்டர்ஸில் நான் யாரோடு பேசுவேன்? வீட்டுக்காரர் அலுவலகம் விட்டு வந்தால் செய்தித்தாளுக்குள் போய்விடுவார். சண்டைக்கு இழுத்தாலும் "நீ சொன்னா சரிம்மா" என்று படுத்துவிடுகிற மனிதர். ஞாயிற்றுக்கிழமை வந்தால்தான் எனக்குக் கேனோ கிடைக்கும்.

இப்படி இருக்கும்போது சென்னைத் தலைமையகத்திலிருந்து செய்தி வந்தது. ஒவ்வொரு மையத்துக்கும் ஒருவர் வந்து, வகுப்பில் உட்கார்ந்து பார்த்து, தரம் போடுவாராம். தரம் குறைந்த மையங்களில் ஆசிரியருக்குப் பதில் திரையில் பதிவுசெய்த வீடியோவைப் போட்டுவிடுவார்களாம். எங்கள் மேலாளர் நல்ல மனிதர், வங்காளி, பயம் வந்தால் ஜீரண மாத்திரையை மிட்டாய் மாதிரி மெல்லுவார். அன்றைக்கு ஒரு அட்டையையே காலி செய்துகொண்டு என்னிடம் வந்தார். "வர்றவர் உங்க ஊர்க்காரர். அவருக்கு என்ன பிடிக்கும்னு உங்களுக்குத்தானே தெரியும்" என்றார்.

அதை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். எங்கள் ஊர்க்காரரை எனக்குத் தெரியாதா? எனக்கு அந்தத் தலைமை ஆசிரியை வராந்தாவில் நடந்து வந்தது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. "கவலையை விடுங்க. சத்தமே வராது" என்றேன்.

வகுப்பில் போய் விஷயத்தைச் சொன்னேன். வருகிற ஞாயிறு யாரும் வாயைத் திறக்கக்கூடாது. திறந்தால் அதற்கடுத்த ஞாயிறு நான் இருக்க மாட்டேன், திரைதான் இருக்கும்.

"கேனோ?" என்றார் கப்பல்காரர்.

"எங்க ஊர்ல வாயை மூடிட்டு இருந்தாத்தான் மரியாதை."

வாயை மூடுவது மரியாதையா அவமரியாதையா என்று விவாதம் தொடங்கி அன்றைய பாடம் முழுக்க அதிலேயே போனது. கடைசியில் டாலிகஞ்ச் பெண் எழுந்து, ஸ்டுடியோவில் படப்பிடிப்பு நேரத்தில் நூறு பேரை வாய்மூட வைப்பது தன் வேலைதான், கையைத் தூக்கினால் சத்தம் கூடாது, கையை இறக்கினால் பேசலாம் என்று விதி வகுத்துக் கொடுத்தாள். தீதிக்காக இதைச் செய்வோம் என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆனது. வீட்டில் வந்து சொன்னேன். வீட்டுக்காரர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கி, "வாயை மூடுங்கன்னு நீ சொன்னியா? நீயா?" என்று கேட்டுவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டார்.

அந்த ஞாயிறு வந்தது. சென்னைக்காரர் இஸ்திரி கலையாத சட்டையோடு, நெற்றியில் சின்னதாக விபூதிக் கீற்றோடு வந்தார். இதே தேர்வை எப்போதோ எழுதித் தேறியவராம்.

"வணக்கம் மேடம். நீங்க தமிழ்னு சொன்னாங்க."

"ஆமா சார், திருச்சி. காபி சாப்பிடுங்க சார். ஃபில்டர் காபி, வீட்லேருந்து கொண்டாந்தேன்."

"முதல்ல கிளாஸைப் பாத்துடலாம் மேடம்" என்று கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

உள்ளே போனேன். அடேயப்பா, அப்படி ஓர் அமைதியை நான் திருச்சியிலேயே பார்த்ததில்லை. எல்லார் கன்னத்திலும் ஒரு இருமல் மிட்டாய் உப்பிக்கொண்டிருந்தது, வாய்க்கு வேறு வேலை இருக்கட்டும் என்று வாங்கி விநியோகித்திருக்கிறார்கள். கப்பல்காரர் முன்ஜாக்கிரதையாகக் கைக்குட்டையை வாய்மேல் வைத்துக்கொண்டிருந்தார். டாலிகஞ்ச் பெண் முதல் பெஞ்சில் கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தாள். மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"இதுவரைக்கும் என்ன பாத்தோம்?" என்று கேட்டேன்.

யாரும் பேசவில்லை. ஆசிரியர் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லலாம் என்று சொல்ல நான் மறந்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

"யாராவது சொல்லுங்க" என்றேன். கண்ணால் ஜாடை காட்டினேன். புருவத்தைத் தூக்கினேன். இது தங்களுக்கு வைக்கிற சோதனை என்று அவர்கள் இன்னும் இறுக்கமாக வாயை மூடிக்கொண்டார்கள். கப்பல்காரர் என்னைப் பார்த்து, பயப்படாதீர்கள் தீதி, உயிரே போனாலும் பேச மாட்டோம் என்பதுபோல் மெல்லத் தலையசைத்தார்.

சரி என்று நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொண்டு போனேன். பேச்சுக்குப் பேச்சு எதிர்க்கேள்வி கேட்டுப் பழகிவிட்டால், சும்மா இருக்கிற முகங்களுக்கு முன்னால் நாக்கு குழறிவிடுகிறது. ஒரே நெட்வொர்க்குக்குள் ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றுக்கு அனுப்புகிற செய்தி முதலில் ரவுட்டருக்குத்தான் போகும் என்று சொல்லிவிட்டேன். எதிர்வீட்டு மீன் குழம்பைத் தர்வானிடம் கொடுத்தனுப்பிவிட்டேன். வகுப்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. ஒருவர் பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கப்பல்காரரின் கைக்குட்டைக்கு மேலே கண் இரண்டும் பிதுங்கி நின்றது. டாலிகஞ்ச் பெண்ணின் தூக்கிய கை ஆடியது, ஆனால் இறங்கவில்லை. ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இடைவேளை விட்டதும் எல்லாரும் ஓட்டமாகப் படியிறங்கினார்கள். சென்னைக்காரர் மெதுவாக எழுந்து வந்தார்.

"ரொம்ப அமைதியா இருக்கு மேடம் உங்க கிளாஸ்."

"ஆமா சார்" என்றேன். பாதி உயிர் திரும்பி வந்தது.

"ரவுட்டருக்குப் போகும்னு சொன்னீங்களே, அது தப்புதானே?"

"தப்புதான் சார். பதற்றத்துல வந்துடுச்சு."

"தப்பு எல்லாருக்கும் வரும் மேடம், அது பெரிசில்ல. இத்தனை பேர்ல ஒருத்தர்கூட ஏன்னு கேக்கலையே. காசு கட்டிட்டு வந்து பொம்மை மாதிரி உக்காந்திருக்காங்க. வீடியோ போட்டாலும் இப்படித்தானே உக்காந்திருப்பாங்க. வீடியோவாவது தப்பில்லாம பேசும்."

"சார், நான்தான் சார் பேசக்கூடாதுன்னு சொல்லி வச்சேன். இவங்க பேசாத ஆளுங்களே இல்ல சார்."

"போற ஊர்லயெல்லாம் இதான் மேடம் சொல்றாங்க. எங்க பசங்க பிரமாதமா பேசுவாங்க, இன்னிக்குப் பாத்து பேசலன்னு" என்று பையைத் தோளில் மாட்டினார். விமான நிலையத்துக்குக் கார் வரச் சொல்லியிருந்தார். ஃபிளாஸ்க்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் பின்னாலேயே படியிறங்கினேன். என் வாயாலேயே என் வகுப்பைக் கெடுத்துக்கொண்டேனே, இனி ஞாயிற்றுக்கிழமையும் அந்தச் செய்தித்தாளோடுதானா என்று எனக்குள் புலம்பிக்கொண்டே போனேன்.

வாசலுக்கு வந்தால் டீக்கடையில் பிரளயம். இத்தனை நேரம் அடக்கிவைத்தது மொத்தமும் அங்கே வெடித்திருந்தது. தீதி தப்பாகச் சொல்லிவிட்டார் என்று ஒரு கட்சி. தீதியாவது தப்பாகச் சொல்வதாவது, நாம் வாயை மூடியிருக்கிறோமா என்று பார்க்க வேண்டுமென்றே சொன்னார் என்று எதிர்க்கட்சி. பெஞ்சின்மேல் மண் குவளைகளை வரிசையாக வைத்திருந்தார்கள், அவை கம்ப்யூட்டர்கள். கோடியில் கடைக்காரருடைய கெட்டில், அது ரவுட்டர். கையில் ஒரு பிஸ்கட், அது மீன் குழம்பு. "அந்த ரவுட்டரைக் கொடுங்கப்பா, ஆளுங்க டீக்கு நிக்கிறாங்க" என்று கடைக்காரர் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாம் நம்பராக நிற்கக் கப்பல்காரருக்கு ஓர் ஆள் குறைந்தது. அவர் திரும்பினார். பக்கத்தில் யார் நிற்கிறார் என்றெல்லாம் பார்க்கிற நிலைமையில் அவர் இல்லை. சென்னைக்காரர் கையில் ஒரு குவளையைத் திணித்து, தோளைப் பிடித்து அவரை பெஞ்சின் கோடியில் நிறுத்தினார். அங்கே தாதா என்றால் அண்ணன். "தாதா, நீங்க பன்னிரண்டாம் நம்பர். புதுசா குடி வந்திருக்கீங்க, உங்களை யாருக்கும் தெரியாது. கூப்பிட்டா நான்தான்னு சொல்லணும்."

சென்னைக்காரர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வேன், தலையை ஆட்டினேன்.

டாலிகஞ்ச் பெண் ஸ்டுடியோக் குரலில் கத்தினாள். "பன்னிரண்டாம் நம்பர் யாரு?"

அவர் ஹிந்தியில் யோசித்து வார்த்தையைச் சேர்த்து எடுப்பதற்குள், பக்கத்திலிருந்த ஒல்லி ஆசாமி "நான்தான்" என்று சொல்லி, பிஸ்கட்டை வாங்கி, வாயில் போட்டு மென்றும்விட்டார்.

"அது என் பிஸ்கட்" என்றார் சென்னைக்காரர், சுத்தத் தமிழில்.

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நிஜமாகவே வயிற்றில் அடித்துவிட்டார்கள் என்பதுபோல் நின்றார். அப்புறம் குவளையை ஓங்கி பெஞ்சில் வைத்தார். "இது எப்படி நியாயம்? முதல்ல குரல் கொடுத்தவன் சொல்றதை அப்படியே நம்பிடுவீங்களா?" ஹிந்தி பாதி வழியில் தீர்ந்துபோய் இங்கிலீஷுக்கு மாறினார், அதுவும் போதாமல் தமிழுக்கு வந்தார். எல்லாருக்கும் எல்லாம் புரிந்தது. நம்பித்தான் ஆக வேண்டும் என்று ஒருவர் சொல்ல, சென்னைக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். பாக்கெட்டில் போன் அடித்தது, கார் வந்துவிட்டது. அவர் கட் செய்தார். மறுபடி அடித்தது, மறுபடி கட் செய்தார். கார் போய்விட்டது.

"எல்லா கம்ப்யூட்டர் வயரும் வந்து சேர்ற பெட்டி, ஸ்விட்ச்சுன்னு நடுவுல இருக்கில்ல, அதுதான் பாத்துக்கணும்" என்றார் வெற்றிக் களிப்போடு. "யாருக்கு எந்த வீடுன்னு அதுக்குத் தெரியும். பொய் சொல்றவனை அங்கேயே நிறுத்திடும்."

கப்பல்காரர் ஒரு வாய் டீ குடித்தார். "கேனோ? எந்த வீடு யாரோடதுன்னு ஸ்விட்ச்சுக்கு யார் சொன்னது?"

சென்னைக்காரர் பதில் கேட்டு என் பக்கம் திரும்பினார். எனக்குப் பதில் தெரியும். டீக்கடையில் கடலை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். அன்றைக்கு முழுக்க நடந்த வாய்மூடல்களில் அது ஒன்றுதான் புத்திசாலித்தனமானது.

இரண்டாவது கார் வந்தபோது அவரைக் கிட்டத்தட்டத் தள்ளி ஏற்ற வேண்டியிருந்தது. கார் நகர்ந்ததும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"மேடம், ஸ்விட்ச்சுக்கு யார்தான் சொல்றது?"

"அடுத்த ஞாயித்துக்கிழமை பாடம் சார் அது" என்றேன். "கிளாஸ் இருந்தா."

அந்த வாரம் எனக்கு எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். ரசத்தில் புளியை மறந்தேன், சாம்பாரில் இரண்டு தடவை போட்டேன். வீட்டுக்காரர் "நீ வச்சா சரிம்மா" என்று சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை மையத்துக்குப் போனபோது மேலாளர் மாடிப்படியிலேயே நின்றிருந்தார். வாயில் மாத்திரை இல்லை. வகுப்பறைக்கு அடிமட்டத் தரம், டீக்கடைக்கு மிக உயர்ந்த தரம், ஆகவே ஆசிரியர் தொடரலாம் என்று முடிவாம். டீக்கடை நம் மையத்தின் கிளையா என்று தலைமையகத்தில் ஒருவர் விளக்கம் கேட்கிறாராம், அதற்கு என்ன பதில் சொல்வது என்று மட்டும் அவருக்குக் கவலை. என் பின்னாலேயே கேட்டுக்கொண்டு வந்தார்.

கதவைத் திறந்தேன். எல்லாரும் கன்னம் உப்ப உட்கார்ந்திருந்தார்கள். டாலிகஞ்ச் பெண் கையைத் தூக்கியிருந்தாள், கப்பல்காரர் வாயில் கைக்குட்டை. டீக்கடையில் போட்ட சண்டையால் எல்லாம் கெட்டுப்போய்விட்டது, இனிமேலாவது ஒழுங்காக இருந்து தீதியைக் காப்பாற்றுவோம் என்று அவர்களாகவே முடிவு செய்திருந்தார்கள்.

"கையை இறக்கும்மா" என்றேன். "வகுப்பு நமக்குத்தான். வீடியோ கிடையாது. எல்லாரும் வாயைத் திறங்க."

கை இறங்கியது. மிட்டாய் கடிபடுகிற சத்தம் நாலாபுறமும் கேட்டது. கப்பல்காரர் கைக்குட்டையை எடுத்து, நான்காக மடித்து, பாக்கெட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"கேனோ?"

மார்க்கரை அவர்மேல் வீசினேன். கண் கலங்கியிருந்ததால் குறி தப்பிப்போய், அதற்குள் பெஞ்சுகள் பக்கம் வந்து நின்ற மேலாளர்மேல் பட்டது.